அரசு வேலைவாய்ப்புப் பணி: கடமையும் கேரள அனுபவமும்

ஒரு நாட்டில் வேலை தேடுவோரும் இருப்பர். வேலைக்கு ஆள் தேடுவோரும் இருப்பர். இவ்விரு சாராரையும் ஒருவரையொருவர் அறியச் செய்து, கட்டணம் எதுவும் பெறாமல் இணைத்து வைக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்பது இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கொள்கையாகும். நமது நாட்டில் இப்பொறுப்பு முதன்மையாக வேலைவாய்ப்பு அலுவலகங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயினும் வேலைவாய்ப்பு அலுவலகம் என்றதும் மக்கள் மனத்தில் எழும் எண்ணம், பெயரைப் பதிந்துவிட்டு அழைப்புக் கடிதத்திற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இடம் என்பதேயாகும். அரசு ஏற்றுக்கொண்ட கடமை எது, நடைமுறையில் நிகழ்வது எது, இவ்விரண்டுக்கும் இடையே இடைவெளி ஏற்பட்டது எவ்வாறு என்பவற்றை ஆராய்வதற்குக் கேரளமும், குறிப்பாக அதன் தலைநகரான திருவனந்தபுரமும் ஏற்ற களமாகும்.

கல்வியில் முன்னணியில் நிற்கும் மாநிலம் கேரளம். அதே வேளையில், படித்தவர்களின் வேலையின்மை அங்கு நெடுங்காலமாக நிலவி வரும் சிக்கலாகும். 2023–24 ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 29 வயது வரையுள்ளோரிடையே வேலையின்மை விகிதம் நாடு முழுவதற்கும் 10.2 சதவீதமாக இருக்க, கேரளத்தில் அது 29.9 சதவீதமாக இருந்தது. இளம் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இவ்விகிதம் 47.1 சதவீதம். வேலைக்கு முன்வரும் இளம் பெண்களில் ஏறக்குறைய இருவரில் ஒருவருக்கு வேலை கிட்டவில்லை என்பது இதன் பொருள். இவர்களுக்கு அரசு வேலைவாய்ப்புப் பணி எந்த அளவுக்குத் துணை செய்ய இயலும் என்பதே கேள்வி.

உடன்படிக்கை விதிக்கும் கடமை

வேலை தேடுபவர் தொழிற்சாலை வாயில்தோறும் அலைந்து நாட்களை இழப்பதையும், தரகரிடம் கூலியில் ஒரு பங்கைப் பறிகொடுப்பதையும் தடுக்கும் நோக்கத்துடன் பிரிட்டன் 1909 இல் ஒரு சட்டம் இயற்றி, 1910 பிப்ரவரியில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்களைத் திறந்தது. 1919 இல் தோன்றிய சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம், தனது முதல் மாநாட்டிலேயே கட்டணமற்ற அரசு வேலைவாய்ப்பு அமைப்புகள் வேண்டும் என்று வலியுறுத்தியது. பின்னர் 1948 இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் வேலைவாய்ப்புப் பணி பற்றிய 88 ஆம் எண் உடன்படிக்கை நிறைவேறியது. இந்தியா இதனை 1959 ஜூன் 24 அன்று ஏற்று உறுதி செய்தது.

இவ்வுடன்படிக்கை அரசின் மீது சுமத்தும் கடமை ஒரு பதிவேட்டை வைத்திருப்பதோடு முடிவதில்லை. முழு வேலைவாய்ப்பை அடைவதற்கான தேசியத் திட்டத்தின் ஒரு பகுதியாக, வேலைச் சந்தையை இயன்றவரை செம்மையாக ஒழுங்கமைப்பதே இப்பணியின் தலையாய கடமை என அது வரையறுக்கிறது. மக்கள் எளிதில் சென்றடையக்கூடிய இடங்களில் போதிய எண்ணிக்கையில் அலுவலகங்கள் அமைய வேண்டும். வேலை தேடுபவரை நேரில் உசாவி, அவருடைய தகுதி, அனுபவம், விருப்பம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, தேவையானால் தொழில்நெறி வழிகாட்டலோ பயிற்சியோ பெற உதவ வேண்டும். வேலையளிப்போரிடமிருந்து காலியிடங்களைப் பற்றிய துல்லியமான விவரங்களைப் பெற்று, அவற்றுக்குப் பொருத்தமானவர்களை அனுப்ப வேண்டும். ஓர் ஊரில் நிரப்ப இயலாத இடத்தை மற்றோர் ஊர் அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். வேலைச் சந்தை பற்றிய செய்திகளைத் திரட்டி, பகுத்து, வெளியிட வேண்டும். உடல் ஊனமுற்றோரின் தேவைகளுக்குத் தனி ஏற்பாடுகள் வேண்டும், இளைஞர்களுக்கும் அவ்வாறே. இப்பணியில் அமர்த்தப்படும் ஊழியர்கள் ஆட்சி மாற்றங்களாலும் முறையற்ற வெளிச் செல்வாக்கினாலும் பாதிக்கப்படாதவர்களாகவும், தக்க பயிற்சி பெற்றவர்களாகவும் இருத்தல் அவசியம். வேலையளிப்போர், தொழிலாளர் ஆகிய இரு தரப்பினரின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் ஆலோசனைக் குழுக்கள் இப்பணிக்கு வழிகாட்ட வேண்டும்.

பெயரைப் பதிவு செய்தல் இக்கடமைகளின் முதற்படி மட்டுமே என்பது இதனால் புலனாகும்.

இந்தியாவில் வளர்ந்த வரலாறு

நமது நாட்டில் இவ்வமைப்பு இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிறந்தது. படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களையும் போர்க்காலப் பணியாளர்களையும் மீண்டும் வேலையில் அமர்த்துவதற்காக 1945 ஜூலையில் மறுகுடியமர்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் ஏற்படுத்தப்பட்டது. நாட்டுப் பிரிவினையின்போது இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கும் இது உதவியது. 1948 இல் வேலை தேடும் அனைவருக்கும் இதன் கதவுகள் திறந்தன. சிவராவ் குழுவின் பரிந்துரையை ஏற்று, 1956 நவம்பர் 1 முதல் அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1969 ஏப்ரல் முதல் நிதிப் பொறுப்பும் மாநிலங்களையே சேர்ந்தது. கொள்கை, நடைமுறை, தரம் ஆகியவற்றை வகுத்து ஒருங்கிணைக்கும் பொறுப்பு மத்திய அரசிடம் நின்றது.

1956 நவம்பர் 1 என்பது கேரள மாநிலம் உதயமான நாளுமாகும். திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் தெற்கு வட்டங்கள் அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே அன்று மாநில எல்லை விழுந்தது. வேலை தேடுவோருக்கு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் முன்போலவே அருகருகே இருந்தன. ஆனால் பதிவேடுகள் இரு வேறு அரசுகளுடையவை ஆயின. மாநில எல்லைகளைக் கடந்து காலியிடச் செய்திகளைப் பரிமாறும் ஏற்பாடு எத்துணை அவசியம் என்பதற்கு இவ்வெல்லைப் பகுதியே தக்க சான்று.

1959 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் எல்லையும்

உடன்படிக்கையை ஏற்ற அதே ஆண்டில், காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிப்பதற்கான வேலைவாய்ப்பு அலுவலகங்கள் சட்டம் நிறைவேறியது. 1960 மே 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. பொதுத்துறை நிறுவனங்கள் அனைத்தும், 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும், தம்மிடம் ஏற்படும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என அது விதித்தது. விவசாய வேலை, வீட்டு வேலை, மூன்று மாதத்திற்குக் குறைந்த வேலை போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. காலியிடத்தை அறிவிக்கத் தவறினால் முதல் முறை 500 ரூபாய் வரையும், அடுத்த முறைகளில் 1,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்க அச்சட்டம் இடமளித்தது.

ஆயினும் இச்சட்டத்தின் உட்பொருளைக் கவனித்தல் வேண்டும். காலியிடத்தை அறிவிக்கும் கடமையை மட்டுமே அது வேலையளிப்போர் மீது சுமத்தியது. அலுவலகம் அனுப்புபவரையே நியமிக்க வேண்டும் என்று அது கூறவில்லை. அவ்வாறு கட்டாயம் இல்லை என்பதை அச்சட்டமே தெளிவாக்கியது. எனவே தனியார் துறையில் இச்சட்டத்தின் பயன், அலுவலகம் அனுப்பும் ஆட்கள் எவ்வளவு பொருத்தமானவர்கள் என்பதைப் பொறுத்தே அமைய வேண்டியதாயிற்று. பொருத்தமானவர் கிடைப்பார் என்ற நம்பிக்கை குறைந்த இடத்தில், அறிவிக்கை வெறும் சடங்காகியது.

அரசுத் துறைகளின் நிலை வேறு. அவை வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகவே ஆளெடுக்க வேண்டும் என்ற நிர்வாக ஆணைகள் இருந்தன. 1987 இல் ஹர்கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் அத்தகைய கட்டாயத்தை விதிக்கவில்லை எனக் கூறிய போதிலும், சலுகையையும் சிபாரிசையும் தடுத்துச் சம வாய்ப்பை வளர்க்கும் அந்த ஆணைகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 1996 இல் விஸ்வேஸ்வர ராவ் வழக்கில் அதே நீதிமன்றம், அலுவலகத்திடம் பட்டியல் கேட்பதோடு நாளிதழ், வானொலி முதலியவற்றின் வாயிலாகவும் விளம்பரம் செய்து, விண்ணப்பிக்கும் அனைவரையும் பரிசீலிப்பதே நியாயம் எனக் கூறியது. இதன் பிறகு அரசுப் பணிக்கான ஒரே வாயில் என்ற நிலையை வேலைவாய்ப்பு அலுவலகம் இழக்கத் தொடங்கியது.

திருவனந்தபுரத்தில் காணும் நிலை

வேலைவாய்ப்பு அமைப்புகளுக்குத் திருவனந்தபுரத்தில் குறைவில்லை. மாநில வேலைவாய்ப்பு இயக்ககம் இங்குள்ளது. மாவட்ட அலுவலகத்தோடு நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு, ஆற்றிங்கல் முதலிய ஊர்களில் நகர அலுவலகங்கள் உள்ளன. பட்டதாரிகளுக்கும் தொழில்வல்லுநர்களுக்கும் தனி அலுவலகம், ஊனமுற்றோருக்குச் சிறப்பு அலுவலகம், கேரளப் பல்கலைக்கழகத்தில் வேலைவாய்ப்புத் தகவல், வழிகாட்டு மையம் ஆகியவையும் இயங்குகின்றன. மத்திய அரசின் சார்பில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான மையம் ஒன்றும், நாலாஞ்சிறையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மையம் ஒன்றும் உள்ளன. ஆகவே, உடன்படிக்கை கேட்கும் அலுவலகக் கட்டமைப்பு பெருமளவு இங்கு அமைந்துள்ளது என்றே கூற வேண்டும்.

ஆனால் இக்கட்டமைப்பின் வழியே செல்லும் வேலைகள் எவை? கேரளத்தில் நிரந்தர அரசுப் பணிகளுக்கான தேர்வு, பட்டத்தில் தலைமையகம் கொண்ட மாநிலப் பணியாளர் தேர்வாணையத்தின் பொறுப்பாகும். ஆணையத்தின் பட்டியல் கிடைக்கும் வரை ஏற்படும் தற்காலிக இடங்கள், பொதுவாக ஆறு மாதத்திற்கு மேற்படாத காலத்திற்கு, வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக நிரப்பப்படுகின்றன. ஆணையத்தின் வரம்புக்குள் வராத சில பணியிடங்களும் உண்டு. மறுபுறம், 1990 இல் கழக்கூட்டத்தில் தொடங்கப்பட்டு நகரின் பெரிய வேலைக்களமாக வளர்ந்த டெக்னோபார்க் போன்ற இடங்களில் உள்ள நிறுவனங்கள், கல்லூரி வளாகத் தேர்வு, இணையதளங்கள், தனியார் முகவர்கள் ஆகியோர் வழியாக ஆளெடுப்பதே வழக்கம். இவ்வாறாக நிரந்தர அரசு வேலை ஒரு வழியிலும், வளரும் தனியார் வேலை மற்றொரு வழியிலும் செல்ல, வேலைவாய்ப்பு அலுவலகத்திற்கு எஞ்சியவை பெரும்பாலும் தற்காலிக வேலைகளே.

நெய்யாற்றின்கரையில், பத்தாம் வகுப்பில் தேறிய பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி பெயரைப் பதிவு செய்வதாகக் கொள்வோம். அவளுடைய பெயர் உயிர்ப் பதிவேட்டில் ஏறும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உரிய காலத்தில் புதுப்பிக்கத் தவறினால் பதிவு மூப்பு போய்விடும். அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவித்து, இழந்த மூப்பை மீட்டுத் தருவதுண்டு. தற்காலிக இடம் ஒன்று வரும்போது, தகுதி, இட ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு உட்பட்டு, மூப்பு வரிசையில் பெயர்கள் அனுப்பப்படும். அவளுடைய முறை வரும்போது அவளுக்குக் கிட்டக்கூடியது ஆறு மாத வேலை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவள் எந்தத் தொழிலைக் கற்றால் வேலை எளிதில் கிடைக்கும், எந்த ஊரில் அதற்குத் தேவை உள்ளது என்று அவளிடம் எடுத்துக் கூறும் கடமையே உடன்படிக்கையின் உயிர்நாடி. பதிவுக்கும் புதுப்பித்தலுக்கும் நேரத்தைச் செலவிடும் அலுவலகத்தில் அக்கடமை பின்தள்ளப்படுவது இயல்பே.

பதிவேடு காட்டுவதும் காட்டாததும்

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கேரளத்தின் உயிர்ப் பதிவேட்டில் ஏறத்தாழ 40 லட்சம் பெயர்கள் இருந்தன. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகையான 3.34 கோடியோடு ஒப்பிட்டால், எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற அளவு இது. பதிவு செய்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். பின்னர் இவ்வெண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. நாடு முழுவதும் 2012 இறுதியில் ஏறத்தாழ நாலரைக் கோடிப் பெயர்கள் பதிவேடுகளில் இருந்தன. அவ்வாண்டில் அலுவலகங்கள் வழியாக வேலை பெற்றவர்களோ ஐந்து லட்சத்திற்கும் குறைவு. நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவையே இது எட்டியது.

இவ்வெண்ணிக்கையை வேலையின்மையின் அளவாகக் கொள்வது பொருந்தாது. படித்துக்கொண்டிருப்பவர்களும், தனியார் வேலையில் உள்ளவர்களும் அரசு வேலையை எதிர்நோக்கிப் பதிவைத் தொடர்கின்றனர். பதிவு செய்யாமலேயே வேலையின்றி இருப்போரும் உண்டு. மேலும், 1982 இல் கேரள அரசு தொடங்கிய வேலையின்மை உதவித் திட்டம், பதினெட்டு வயதுக்குப் பின் மூன்று ஆண்டுகள் பதிவேட்டில் தொடர்ந்திருப்பதை நிபந்தனையாக்கியது. உதவித்தொகை நெடுங்காலம் மாதம் 120 ரூபாயாகவே நின்றது. வேலை தேடும் முயற்சிக்கோ பயிற்சிக்கோ இத்தொகை போதுமானதன்று. உதவித்தொகையைப் பயிற்சியுடனும் வேலை தேடலுடனும் இணைக்கும்போதுதான் அது வேலைவாய்ப்புப் பணியின் உறுப்பாக அமையும். பதிவின் கால அளவுடன் மட்டும் இணைத்தால், காத்திருத்தலுக்கே அது ஊக்கமளிக்கும்.

மூப்பு முறையில் நியாயம் இல்லை என்று கூறிவிடவும் இயலாது. சிபாரிசு இல்லாத ஏழைக்கும் முறை வரும் என்ற உறுதியை அது அளித்தது. அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லாத முறை என்பதாலேயே மக்கள் அதன்மீது நம்பிக்கை வைத்தனர். ஆயினும் வரிசை முறை, இருக்கும் சில வேலைகளை நியாயமாகப் பங்கிட உதவுமேயன்றி, இன்ன வேலைக்கு இன்னார் பொருத்தம் என்பதைக் காட்டாது. அரசின் தற்காலிக இடங்களுக்கு மூப்பு வரிசையும், பிற வேலைகளுக்குத் தகுதியும் விருப்பமும் சார்ந்த தேர்வும் என இரண்டையும் பிரித்து நடத்துவதே உகந்த வழி.

கடல் கடந்த வேலையில் கிடைத்த அனுபவம்

இப்பணியைச் செம்மையாகச் செய்ய இயலும் என்பதற்கும் திருவனந்தபுரத்திலேயே சான்று உண்டு. வளைகுடா நாடுகளுக்குக் கேரளத் தொழிலாளர் பெருமளவில் சென்ற காலத்தில், முகவர்களின் சுரண்டலுக்கு மாற்றாக 1977 இல் மாநில அரசு ஒடெபெக் என்னும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை இங்கு நிறுவியது. தனியார் முகவர்களை உரிமம் பெறச் செய்து ஒழுங்குபடுத்த, மத்திய அரசு 1983 இல் குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றியது. 1996 இல் வெளிநாடு வாழ் கேரளியருக்கென நோர்க்கா துறையும், 2002 இல் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனமும் ஏற்பட்டன.

2021 டிசம்பரில் நோர்க்கா ரூட்ஸ், ஜெர்மனியின் கூட்டரசு வேலைவாய்ப்பு முகமையுடனும் அந்நாட்டின் சர்வதேச ஒத்துழைப்பு நிறுவனத்துடனும் செவிலியர் நியமனத்திற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டது. தேர்ந்தெடுக்கப்படும் செவிலியரிடம் கட்டணம் பெறுவதில்லை. ஜெர்மன் மொழிப் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. இத்திட்டத்தில் நிகழ்வது என்ன? காலியிடத்தின் விவரம் முன்கூட்டியே தெளிவாகப் பெறப்படுகிறது. விண்ணப்பிப்பவர் நேரில் மதிப்பிடப்படுகிறார். குறைபடும் திறன் பயிற்சியால் நிறைவு செய்யப்படுகிறது. பணியில் சேரும் வரை வழிகாட்டல் தொடர்கிறது. 88 ஆம் உடன்படிக்கை 1948 இல் வகுத்த படிகள் பெரும்பாலும் இவையே. தொலைவிலுள்ள ஜெர்மானிய மருத்துவமனைக்குச் செய்ய இயன்றதை, உள்ளூர் மருத்துவமனைக்கும் தொழிற்கூடத்திற்கும் செய்ய இயலாமைக்குக் காரணம் இல்லை.

இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. 2013 இல் குலாட்டி நிதி, வரி விதிப்பு நிறுவனம் நடத்திய ஆய்வு, கேரளத்தில் ஏறத்தாழ 25 லட்சம் பிற மாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாக மதிப்பிட்டது. ஒருபுறம் படித்தவர்களின் நீண்ட பதிவேடு. மறுபுறம் கட்டடம், ஒட்டுப்பலகை, உணவகம் முதலிய தொழில்களில் பிற மாநிலத்தவரை நாடும் சந்தை. பிற மாநிலத் தொழிலாளரும் வேலைவாய்ப்புப் பணிக்கு உரிமை உடையவர்களே. அவர்கள் ஒப்பந்தக்காரரையும் உறவினரையும் நம்பி வருவது, அரசுப் பணி இன்னும் சென்றடையாத பரப்பைக் காட்டுகிறது.

புதிய சட்டமும் புதிய பொறுப்பும்

2015 ஜூலை 20 அன்று தேசியத் தொழில்நெறிச் சேவைக்கான இணையதளம் தொடங்கப்பட்டது. பதிவு, காலியிட அறிவிப்பு, வழிகாட்டல் ஆகியவற்றை நாடு முழுவதும் ஒரே தளத்தில் இணைப்பது இதன் நோக்கம். 2021 இல் கேரள அரசு அறிவுப் பொருளாதார இயக்கத்தைத் தொடங்கி, தனியார் வேலைகளுக்குப் பயிற்சியுடன் ஆள் சேர்க்கும் முயற்சியில் இறங்கியது. 1959 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, 2020 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் வேலைவாய்ப்புத் தகவலுக்கெனத் தனி அத்தியாயம் அமைந்தது. இத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகம் என்னும் கருத்து, வழிகாட்டலையும் உள்ளடக்கிய தொழில்நெறி மையம் என விரிந்தது. 20 பேர் பணிபுரியும் நிறுவனங்களும் காலியிடங்களைத் தெரிவிக்கும் கடமைக்கு உட்பட்டன. ஆயினும் மையம் அனுப்புபவரையே நியமிக்கும் கட்டாயம் இச்சட்டத்திலும் இல்லை. ஆகவே பழைய பாடம் இங்கும் பொருந்தும்: மையத்தின் தகுதியே அதன் செல்வாக்கைத் தீர்மானிக்கும்.

நிறைவேற்ற வேண்டியவை

முதலாவதாக, அலுவலகத்தின் பணியை மதிப்பிடும் அளவுகோல் மாற வேண்டும். பதிவு எத்தனை, புதுப்பித்தல் எத்தனை என்ற கணக்கோடு, தனியாரிடமிருந்து பெற்ற காலியிடங்கள் எத்தனை, அவற்றில் நிரப்பப்பட்டவை எத்தனை, வழிகாட்டல் பெற்றுப் பயிற்சியில் சேர்ந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கும் ஆண்டுதோறும் மாவட்டவாரியாக வெளியிடப்பட வேண்டும். இரண்டாவதாக, பதிவு இணையத்திற்கு மாறுவதால் மிச்சமாகும் ஊழியர் நேரம், நேர்முக வழிகாட்டலுக்கும் வேலையளிப்போரை நாடிச் செல்வதற்கும் பயன்பட வேண்டும். அதற்குரிய பயிற்சி ஊழியருக்கு அளிக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, இணையத்தை எளிதில் பயன்படுத்த இயலாதவருக்கு நேரில் சேவை பெறும் உரிமை குறையாமல் இருத்தல் வேண்டும். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எதிர்நோக்கும் சிறப்பு அலுவலகங்கள் இதனால் வலுப்பெற வேண்டும். நான்காவதாக, எல்லை மாவட்டங்களில் இரு மாநில அலுவலகங்களும் காலியிடச் செய்திகளைத் தாமே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு தேவை. ஐந்தாவதாக, இரு தரப்புப் பிரதிநிதிகளும் அமரும் ஆலோசனைக் குழுக்கள் ஒழுங்காகக் கூட வேண்டும்.

வேலைவாய்ப்புப் பணி வேலைகளைத் தானே படைப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. முதலீடும், தொழில் வளர்ச்சியும், தக்க கல்வியுமே வேலைகளைப் பெருக்கும். இருக்கும் வேலை, உரியவருக்குத் தெரியாமல் போகாதிருக்கச் செய்வதே இப்பணியின் எல்லை. அந்த எல்லைக்குள் அரசின் கடமை முழுமையானது. வேலை பெறும் உரிமைக்கு வகை செய்யுமாறு அரசியல் சட்டத்தின் 41 ஆம் பிரிவு அரசுக்கு வழிகாட்டுகிறது. நெய்யாற்றின்கரைப் பெண்ணுக்கு வேலை கிடைக்கும் என்று அரசால் உறுதி கூற இயலாதிருக்கலாம். அவள் முதன்முதலில் பதிவு செய்ய வரும் நாளிலேயே அவளை அமர வைத்து, அவளுடைய தகுதிக்கு ஏற்ற வழிகள் எவை என்பதை உண்மையாக எடுத்துரைக்க அரசால் இயலும். 1959 இல் நாடு ஏற்றுக்கொண்ட பொறுப்பு அங்கிருந்தே தொடங்குகிறது.